ரொட்டி சுட்ட குதிரை

குதிரை ரொட்டி சுடுமா?

மூன்று நாளாக இந்த ஒரு கேள்விதான் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் தெரு நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். படித்து முடித்தவர் அதில் ஒரு வரி கருத்து எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது. என்ன வேலை செய்கிறோம் என்று மட்டும் போடலாம். நான் ‘ஐந்தாம் வகுப்பு மாணவி’ என்று போடுவேன்.

நான் ஒன்றும் பெரிய படிப்பாளி இல்லை. விளையாட ஆள் கிடைக்காத நாளில் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் மனதில் பட்டதை அப்படியே எழுதிவிடுவேன். ‘வழுக்குமலை இளவரசி’க்கு, ‘இளவரசி நல்லவள். ஆனால் முப்பது பக்கம் தலை வாருகிறாள்’ என்று எழுதினேன். ‘விண்மீன்களை அறிவோம்’ புத்தகத்துக்கு, ‘படங்கள் அழகு. அறியவில்லை’ என்று எழுதினேன்.

அதைப் படித்து நூலகர் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

“முட்டைக்கண்ணி, சனிக்கிழமை வாசகர் கூட்டத்துல நீதான் முதல்ல பேசுற. இந்தா, இதைப் படிச்சிட்டு வா” என்று ‘சூறாவளிக் குதிரை’யைக் கையில் கொடுத்தார்.

ஆச்சரியம் வந்தால் என் கண் பெரிதாகிவிடும். அதனால் எல்லாருக்கும் நான் முட்டைக்கண்ணி. அந்தப் புத்தகத்தைப் படித்தபோது என் கண் எவ்வளவு பெரிதானது என்று எனக்கே தெரியாது.

கதை நன்றாகத்தான் போனது. பந்தயத்தில் ஓடும் குதிரை ஒன்று பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. பிழைக்குமா என்று எனக்குப் பதறியது. அறுபத்துநான்காம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘குதிரை மெல்லக் கண்ணைத் திறந்தது. நாலு காலையும் ஊன்றி எழுந்து நின்று,’

அவசரமாக எதிர்ப்பக்கத்துக்குத் தாவினேன். அறுபத்தைந்தாம் பக்கம்: ‘அடுப்பைப் பற்றவைத்து, மாவைப் பிசைந்து, எட்டு ரொட்டி சுட்டு முடித்தபோது பொழுது விடிந்திருந்தது.’

அதற்கப்புறம் குதிரையைக் காணவே காணோம். ஒரு ரொட்டிக்கடைக்காரி வருகிறாள். அவளுடைய சாவி தொலைந்துபோகிறது. பக்கத்து வீட்டுப் பூனைமேல் சந்தேகம் வருகிறது. கதை முடிந்துவிடுகிறது.

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் குதிரை ரொட்டி சுட்டது.

கடைசித் தாளைப் பார்த்தேன். ‘அருமை! – தையல்காரர்’. ‘இரண்டு முறை படித்தேன். – மருந்துக்கடைக்காரர்’. ‘ஆழமான நூல். – தலைமையாசிரியர்’.

எல்லாருக்கும் புரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் புரியவில்லை.

“அண்ணா, குதிரைக்கு மாவு பிசையத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“உன் மண்டையில இருக்கிற களிமண்ணைப் பிசையும்” என்றான் அண்ணன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நூலகத்துக்கு ஓடினேன். “அக்கா, வேற புத்தகம் குடுங்க. இது எனக்குப் புரியல.”

“நான் இன்னும் அதைப் படிக்கலடா. தலைமையாசிரியரே ஆழமான நூல்னு எழுதியிருக்காரே! சரி, இது லேசா இருக்கும். இதையும் எடுத்துட்டுப் போ” என்று ‘ரொட்டிக்கடை மர்மம்’ என்ற புத்தகத்தைக் கொடுத்தார்.

ரொட்டிக்கடையா? அங்கேயே நின்று அறுபத்தைந்தாம் பக்கத்தைத் திறந்தேன். ‘குதிரை காற்றாய்ப் பறந்தது’ என்று இருந்தது!

இரண்டு புத்தகமும் ஒரே அளவு. ஒரே எழுத்து. இரண்டுக்கும் ஒரே பச்சைத் துணி அட்டை. யாரோ பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போடும்போது, பின்பாதிகளை மாற்றி வைத்துவிட்டார்கள்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நான் மக்கு இல்லை!

அடுத்த நொடியே துள்ளல் அடங்கிவிட்டது. அந்தப் பச்சைத் துணியை எனக்குத் தெரியும். அதன் மிச்சத்தில்தான் என் பென்சில் பை தைத்திருக்கிறது.

அந்த ‘யாரோ’ என் அப்பா.

அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர். எங்கள் வீட்டு முன்னறையில் ஊசி, நூல், பசை வாளி, அட்டை வெட்டும் கத்தி எல்லாம் இருக்கும். “என் கையில ஒரு பக்கம்கூட மாறாது” என்று அடிக்கடி சொல்வார். மறுநாள் கூட்டம் முடிந்ததும் நூலகத்தின் நாற்பது பழைய புத்தகங்களை அவரிடம் கொடுப்பதாக இருந்தது. அதற்காகப் புது ஊசிகூட வாங்கி வைத்திருந்தார்.

உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு அவமானம். அந்த நாற்பது புத்தகமும் வராமல் போகலாம். ‘அருமை’ என்று சொன்னால் எனக்கே என்னைப் பிடிக்காது. என்ன செய்வது? வீடு வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை.

அப்பா பசை கலக்கிக்கொண்டிருந்தார். ‘தப்புப் பண்ணிட்டீங்க’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தை நீட்டினேன்.

“அப்பா, இங்கேருந்து கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். குதிரை எழுந்து நின்றது. எதிர்ப்பக்கம் வந்தது. மாவு பிசைந்தது.

அப்பா நிறுத்தினார். மறுபடி வாசித்தார். நான் இன்னொரு புத்தகத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். அதையும் புரட்டிப் பார்த்தார். அவர் காது சிவந்துவிட்டது.

“ரெண்டையும் ஒரே நாள் பிரிச்சேன். அறுபத்துநாலுக்கு அப்புறம் அறுபத்தஞ்சு வருதான்னு பக்க எண்ணை மட்டும் பார்த்தேன். கதையைப் பார்க்கலையே!”

“நான் நாளைக்கு அருமைன்னு சொல்லிடறேன்பா. நீங்க இப்பவே பிரிச்சுச் சரியா தைச்சிடுங்க. யாருக்கும் தெரியாது.”

அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். நூலை வெட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

“உனக்கு நிஜமா என்ன தோணுச்சு?”

“புரியலன்னு தோணுச்சு.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ அதையே சொல்லு.”

சனிக்கிழமை கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச எழுந்தேன். தலைமையாசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்பா ‘ரொட்டிக்கடை மர்ம’த்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

“எனக்கு ‘சூறாவளிக் குதிரை’ புரியல. அறுபத்தஞ்சாம் பக்கத்துல குதிரை எட்டு ரொட்டி சுடுது. அது எப்படின்னு யாராவது சொல்லுங்க.”

எல்லாரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“அது வந்து... ரொட்டிங்கிறது உழைப்போட குறியீடு.”

“குறியீடு இல்ல சார்” என்றார் வாசலில் நின்ற அப்பா. “என் தப்பு.”

முன்னே வந்து இரண்டு புத்தகங்களையும் விரித்துக் காட்டினார். முதலில் சிரித்தது நூலகர் அக்கா. அப்புறம் அறையே சிரித்தது.

“நான் இருபது பக்கத்துலயே தூங்கிட்டேன்” என்று ஒப்புக்கொண்டார் தலைமையாசிரியர்.

“ஒரு வருஷமா இத்தனை பேர் கைக்குப் போச்சு. இவ ஒருத்திதான் புரியலன்னு சொல்லியிருக்கா” என்றார் நூலகர் அக்கா. பிறகு அப்பாவிடம் திரும்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். “நாற்பது புத்தகமும் உங்களுக்குத்தான். ஆனா தைச்சு முடிச்சதும் முட்டைக்கண்ணி ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்க்கணும். சரியா?”

நாற்பதா! என் கண் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே அப்பா இரண்டு புத்தகங்களையும் சரியாகத் தைத்துக் கொடுத்துவிட்டார். இப்போது குதிரை பந்தயத்தில் ஜெயிக்கிறது. ரொட்டியை ரொட்டிக்கடைக்காரியே சுடுகிறாள்.

நேற்று ‘சூறாவளிக் குதிரை’யின் கடைசித் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது:

‘ரொட்டி சுட்டபோதுதான் நன்றாக இருந்தது. – தையல்காரர்’.