பொத்தானுக்குள் அடங்கிய சொல்

'நிறுத்து பொத்தானை அழுத்தினேன். புரோகிராம் நிற்கவில்லை. வேறு ஏதோ நின்றது.'

பயனர்கள் அனுப்பியிருந்த கருத்துகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. மற்றவை வழக்கமான புலம்பல்கள்: எழுத்து பொடியாக இருக்கிறது, சிவப்பு கண்ணைக் குத்துகிறது, ஒருமுறை நிறுத்திவிட்டால் 'தொடர்' பொத்தான் மங்கிப்போய் அசைய மறுக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தபடி, எல்லோருக்கும் 'பொறுமைக்கு நன்றி, அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்' என்ற ஒரே பதிலை ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு, இதற்கு மட்டும் கை வரவில்லை.

டிபக்கர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, எங்கே பிழை என்று ஒவ்வோர் அடியாக நகர்த்திப் பார்க்கும் கருவி. இந்தப் புதிய டிபக்கரின் முகப்பை வரைந்தவள் அவள். பொத்தான்களுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். சோதித்துப் பார்ப்பவர் வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

"நிறுத்துன்னா கொஞ்ச நேரத்துக்கா, ஒரேயடியாவா? இடைநிறுத்துன்னு தெளிவா போடுங்க மேடம்."

"அவ்வளவு நீளத்துக்கு பட்டன்ல இடமில்ல சார். பாக்கறவங்களுக்குப் புரியும்."

"மனுஷங்களுக்குப் புரியும். அதுக்குப் புரியுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

விடுமுறை நாள், சாயங்காலம். மழை விட்டு ஜன்னல் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியின் வாடை அறைக்குள் தேங்கியிருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்திருந்த கூடத்தில் மகள் ஸ்கிப்பிங் ஆடும் சத்தம், கயிறு தரையில் சப்பென்று அறைவதும் பிஞ்சுப் பாதங்கள் தொம்மென்று விழுவதுமாக, மதியத்திலிருந்து அவள் மண்டைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

"குட்டி, கொஞ்சம் நிறுத்துடி. அம்மாவுக்கு வேலையே ஓடல."

"நூறு வந்ததும் நிறுத்தறேன்மா."

அந்தப் பெயரில்லாத புகாரைத் தானே சோதித்துவிடலாம் என்று சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

திரையில் புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. கூடத்தில் அமைதி.

அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாளே என்று கொஞ்சம் பெருமைகூட. ஜன்னல் சொட்டியது, ஃபிரிட்ஜ் உறுமியது, பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். ஆனால் அவள் காதில் ஏதோ ஒன்று பாக்கி நின்றது. குழந்தை கடைசியாக எழும்பிய சத்தம் கேட்டிருந்தது. இறங்கிய சத்தம் கேட்கவில்லை.

"குட்டி?"

எழுந்து போய்ப் பார்த்தாள்.

குழந்தை அந்தரத்தில் இருந்தாள். பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெறும் காற்று. பின்னல் மேலே எழுந்தபடி நின்றது, கயிறு பாதங்களுக்குக் கீழே வளைந்து நின்றது, ஜன்னலைப் பார்த்த முகத்தில் பாதிச் சிரிப்பு. அவள் குழந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். சுவரை இழுப்பது போலிருந்தது. கன்னம் சூடாகத்தான் இருந்தது. மூக்கினடியில் விரலை வைத்தாள். மூச்சு வரவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஓடினாள். 'தொடர்' மங்கிக் கிடந்தது. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அது அசைய மறுத்தது. அதன் பக்கத்தில் 'ஓர் அடி' மட்டும் பளிச்சென்று எரிந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து குழந்தையின் காலடியில் உட்கார்ந்து அதை அழுத்தினாள்.

கயிறு ஒரு மயிரிழை நகர்ந்தது.

வலது கையால் அழுத்திக்கொண்டே இடது கையால் வக்கீலை அழைத்து, ஃபோனைத் தரையில் வைத்தாள். அவர் ஹலோ சொல்லவில்லை.

"உங்க வீட்ல யாரு மேடம்?"

"என் பொண்ணு. சார், என் பொண்ணு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். டிக். டிக். டிக். இங்கே அவள் விரலடியில் கேட்கும் அதே சத்தம்.

"எனக்கு என் சம்சாரம். வெள்ளிக்கிழமையிலேர்ந்து. மாடிப்படி இறங்கிட்டிருந்தா. இன்னும் ஒரு படி முழுசா இறங்கல."

"அந்தக் கருத்து, நீங்களா எழுதினது?"

"ஒரு கைதான் சும்மா இருந்துச்சு. அதுல அவ்வளவுதான் எழுத முடிஞ்சுது."

"மெஷினையே ஆஃப் பண்ணிட்டா?"

"இப்ப அது கொஞ்ச நேரத்துக்குன்னு எடுத்துட்டிருக்கு மேடம். ஆஃப் பண்ணினா ஒரேயடியான்னு எடுத்துக்கிச்சுன்னா?" அவர் குரல் தேய்ந்து போயிருந்தது. "கையை எடுக்காதீங்க. நான் ஒரு வாட்டி எடுத்துப் பாத்தேன். சில்லிட்டுப் போகுது. அப்புறம், முகத்தைப் பாக்காம அழுத்துங்க."

"ஏன்?"

டிக். டிக். இடைவெளி நீண்டது. டிக். பிறகு அந்தச் சத்தமே இல்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஃபோனிலிருந்து குறட்டை வந்தது, நாள்கணக்கில் தூங்காதவனின் ஆழமான, நிம்மதியான குறட்டை.

"சார், எழுந்திருங்க. சார், உங்க மனைவி. சார்."

குறட்டை நிற்கவில்லை. அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள்.

வெளிச்சம் போய்விட்டது. விளக்கைப் போட எழ முடியாது. திரையின் நீலம் மட்டும் குழந்தையின் கால்களில் விழுந்தது. பாதங்கள் தரையைத் தொட இன்னும் பாதிச் சாண். விரல் வீங்கிவிட்டது. இன்னொரு விரல். அதுவும். கண் சொருகியது.

திடுக்கிட்டு விழித்தாள். எவ்வளவு நேரம்? குழந்தையின் கணுக்காலைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது.

வெறி பிடித்தவளைப் போல் அழுத்தினாள். அழுத்தினாள். சூடு மெல்லத் திரும்பியது.

அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் ஜன்னலை விட்டு அவள் மேல் திரும்பியிருந்தன. சிரிப்பு இல்லை. கன்னத்தை விட்டு வழிந்த ஒரு கண்ணீர்த்துளி காற்றில் நின்றது. வாய் திறந்துகொண்டிருந்தது, கொட்டாவி போல அல்ல, அகலமாக.

அவள் அழுத்தினாள்.

குழந்தையின் தொண்டையிலிருந்து ஓர் அலறலின் முதல் இழை, ஒரு டிக் அளவு, வெளியே வந்து நின்றது.