கரோமத் அம்மாவின் திராட்சைக் கொடி

வெட்டி முடித்த பிறகுதான் அப்பாவுக்குத் தெரிந்தது, தான் வெட்டியது மல்பெரி வேர் இல்லை என்று.

மூன்று வெட்டு. மூன்றும் நல்ல பலமான வெட்டு. அப்பா எதையும் அரைகுறையாக வெட்ட மாட்டார்.

"ஐயோ!" என்று மண்வெட்டியைக் கீழே போட்டார்.

ரொட்டி கொண்டு வந்திருந்த சனோபர் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். ஈர மண்ணுக்கு நடுவே, அவள் மணிக்கட்டைவிடத் தடித்த ஒரு தண்டு இரண்டாகக் கிடந்தது. வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. மார்ச் மாதத்தில் திராட்சைக் கொடியை வெட்டினால் அப்படித்தான் வடியும். பத்து வயது சனோபருக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர்க் குளிர் சும்மா விடாது. வெளியே நிற்கும் கொடியைக் கொன்றுவிடும். அதனால் இலை உதிர்ந்ததும் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி, தரையோடு படுக்க வைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவோம். மார்ச்சில், நவ்ரூஸ் என்ற வசந்தப் பண்டிகைக்கு முன்னால் தோண்டி எழுப்புவோம். தோண்டும்போதுதான் கவனம் வேண்டும். வாய்க்கால் ஓரத்து மல்பெரி வேர்கள் எல்லாப் பக்கமும் ஓடும். மண் அப்பிக்கொண்டால் வேரும் கொடியும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்பா ஷோமுராத் இந்தத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகக் கூலியாள். இன்ன வேலை என்று கிடையாது. மண் வெட்டுவார், தண்ணீர் பாய்ச்சுவார், எரு சுமப்பார், பந்தல் கட்டுவார். தோட்டத்துச் சொந்தக்காரர் ஹோஷிம் தாத்தாவின் கழுதை கோபித்துக்கொண்டு போனால் அதையும் சமாதானம் செய்து கூட்டி வருவார். இத்தனை வருஷத்தில் ஒரு கொடியைக்கூட அவர் வெட்டியதில்லை. இன்று வெட்டினார், அதுவும் எதை வெட்டினார் பாருங்கள்!

அது கரோமத் அம்மாவின் கொடி. ஹோஷிம் தாத்தாவின் மனைவி, கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. விரல் மாதிரி நீள நீளமாகக் காய்க்கும். அந்த அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

பக்கத்து வரிசையிலிருந்து எர்காஷ் வந்தார். அவரும் கூலியாள்தான். வாய் மட்டும் முதலாளி வாய்.

"முடிஞ்சுது போ! கிழவரு உன்னை உயிரோட விடமாட்டாரு."

"அடிக்கட்டை உளுத்துப் போயிருக்குடா. திரும்பத் துளிர்க்கவும் செய்யாது" என்றார் அப்பா.

"அப்ப ஒண்ணு பண்ணு. வெட்டுன இடத்த மண்ணைப் போட்டு மூடு. கொடியைத் தூக்கிப் பந்தல்ல கட்டு. அப்புறம் துளிர்க்கலைன்னா பனி அடிச்சிட்டுதுன்னு சொல்லு. பனி என்ன, நேர்ல வந்து இல்லைன்னா சொல்லப் போகுது?"

அப்பா சிரிக்கவில்லை.

"அப்பா, வேலை போயிட்டா நீங்களும் ரஷ்யாவுக்குப் போயிடுவீங்களா?" என்று சனோபர் கேட்டாள்.

"போகாம? இங்க வேற யாரு வேலை தருவா?" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுடைய தோழி லாபரின் அப்பா வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவர் இப்போது ஃபோனுக்குள் இருக்கிறார். லாபர் ரொட்டியைப் பிய்த்து ஃபோனுக்கு முன்னால் நீட்டி, "சாப்பிடுங்கப்பா" என்பாள். அவர் வாயைத் திறந்து மெல்லுவது போல நடிப்பார். லாபரின் தம்பிக்கு அவருடைய கழுத்துக்குக் கீழே எப்படி இருக்கும் என்றே தெரியாது.

அப்பா மெல்லக் குனிந்து, வெட்டிய இடத்தில் மண்ணைத் தள்ளினார். சனோபரும் சேர்ந்து தள்ளினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குள் ஹோஷிம் தாத்தா வந்துவிட்டார். கழுதையை நிறுத்திவிட்டு நேராக அந்தக் கொடியிடம்தான் வந்தார். தரையில் கிடந்த கிளையைத் தடவினார்.

"என்ன கரோமத், தூங்கி எழுந்தாச்சா?"

தாத்தா சனோபர் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் நான் இந்தப் பக்கமே வரலை. பார்த்தாலே அழுகை வந்துடும். இந்த வருஷம் முதல் குலையை அவ பேரைச் சொல்லித் தெருப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும். மறந்துட்டேன்னா நீ ஞாபகப்படுத்து. சரியா, கண்ணு?"

சரி என்று சொல்லத்தான் சனோபர் வாயைத் திறந்தாள்.

"அது காய்க்காது தாத்தா. அறுந்து போச்சு."

எர்காஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தான் ஐயா வெட்டினேன். மல்பெரி வேர்னு நினைச்சுட்டேன்."

தாத்தா மண்டியிட்டு மண்ணை விலக்கினார். வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கத்தியிருந்தால் கூடத் தேவலை.

"எல்லாத்தையும் பிடுங்கி அடுப்புக்குப் போடு. அப்புறம் நீயும் கிளம்பு. நாளைக்கு வராதே" என்றார். வாய்க்கால் கரைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"பனின்னு சொல்லுன்னேன். கேட்டாத்தானே" என்று முணுமுணுத்தபடி எர்காஷ் தன் வரிசைக்குப் போய்விட்டார்.

சனோபருக்குக் கண்ணீர் முட்டியது. 'வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? அப்பாவை நானே ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டேன்.'

"பரவாயில்ல கண்ணு. நீ சொல்லலைன்னா, தினமும் அவர் முகத்தைப் பார்த்துத் திருதிருன்னு முழிச்சிட்டு நிப்பேன்" என்றார் அப்பா. அவர் திட்டியிருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இருவரும் கிளைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். எல்லாம் அறுந்தவை. இழுத்தவுடன் வந்தன. முதல் கிளை, இரண்டாவது, மூன்றாவது.

நான்காவது வரவில்லை.

சனோபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலமாக இழுத்தாள். கை வழுக்கி, பின்பக்கம் சேற்றில் பதிய உட்கார்ந்தாள். கிளை அசையவே இல்லை.

"தள்ளிக்கோ, நான் வெட்டி எடுக்கறேன்" என்று அப்பா மண்வெட்டியை ஓங்கினார்.

"வேண்டாம்பா! வெட்டாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் கழுதையே திரும்பிப் பார்த்தது. தண்டுதான் அறுந்துவிட்டதே! பிறகு இந்தக் கிளையை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? சனோபர் விரல்களால் மண்ணைக் கிளறினாள். நகத்துக்குள் மண் ஏறியது. ஒரு சாண் ஆழத்தில், கிளையின் வயிற்றிலிருந்து கொத்தாக வேர்கள் இறங்கியிருந்தன. பழுப்பு வேர்கள், அவற்றின் நுனியில் வெள்ளை வெள்ளையாகப் புது வேர்கள்.

"தாத்தா! இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!"

அவர் வரவில்லை. சனோபர் ஓடிப்போய்ச் சேற்றுக் கையாலேயே அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு வேராகத் தொட்டுப் பார்த்தார்.

"இது நேத்து விட்ட வேர் இல்ல. ஒரு வருஷத்து வேரு. தாய்த் தண்டு இல்லாமலே இந்தக் கிளை பிழைச்சுக்கும்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "போன வருஷம் இந்தக் கிளையை மட்டும் எழுப்பாம மண்ணுக்குள்ளயே விட்டுட்டுப் போன சோம்பேறி யாருடா?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். "நான்தான் ஐயா. அன்னிக்கு மழை வந்துடுச்சு..."

தாத்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று சனோபருக்குப் புரியவில்லை.

"நீ மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா, இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காது!"

ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவர் அறுந்து கிடந்த பெரிய தண்டைப் பார்த்தார். முகம் மறுபடி வாடியது.

"குச்சி மாதிரி இருக்கு. இது காய்க்க மூணு வருஷம் ஆகும். அதுவும் பத்திரமா பார்த்துக்க ஆள் இருந்தா."

"எங்கப்பா பார்த்துக்குவாரு தாத்தா" என்றாள் சனோபர். "இது எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். புது ஆள் வந்தா இதையும் மல்பெரி வேர்னு வெட்டிடுவாங்க."

தாத்தா அவளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஷோமுராத், உன்மேல எனக்குக் கோபம் போகலை. சீக்கிரம் போகவும் போகாது" என்றார் தாத்தா. "ஆனா இதுல ஒரு குலையை நான் கண்ணால பார்க்கிற வரைக்கும், நீ இந்தத் தோட்டத்தை விட்டு எங்கேயும் போகக் கூடாது. நாளைக்குக் காலைல வந்துடு."

யாரிடமும் விடை பெறாமல் கழுதையில் ஏறிப் போய்விட்டார். அப்பா மண்வெட்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. சனோபர் பார்க்காதது போல, கிளையைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டுக் கயிறு கட்டினாள்.

கட்டி முடித்ததும், அப்பாவுக்குக் கேட்காதபடி அதன் பக்கத்தில் குனிந்தாள்.

"உனக்கு அவசரமே இல்ல. மெதுவா வளரு" என்றாள்.