நடுக்கப்பட்டை

பயமே இல்லாமல் நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?

கணவனுக்குப் பயந்து துணைவீட்டுக்கு வரும் பெண்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாகப்பட்டினத்தைக் கடல் மூடிய பிறகு, அந்தத் தண்ணீரின் மேல் எழுந்த மிதவூரில் துணைவீடு ஒரு நீளமான படகு. கட்டில்கள், மருந்து அறை, சமையலறை, வக்கீலின் மேசை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். மத்தியானங்களில் தண்ணீரின் வெளிச்சம் அந்தக் கூரையில் நெளியும். பெண்கள் தூங்குவார்கள். அதுவும் வழக்கு வேலைதான்.

குமுதவல்லி தூங்கவில்லை. மகள் கனிமலரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள்.

“படுங்கக்கா. தாலாட்டுறதுக்கு ஃபீஸ் கெடையாது,” என்றாள் வக்கீல் தமயந்தி.

“வக்கீல்னா கோர்ட்ல பேசுவாங்கன்னுல்ல நெனச்சேன்.”

“இவங்க பேசி எந்தக் கேஸ் ஜெயிச்சுது?” மருந்து அறையிலிருந்து நர்ஸ் ஃப்ளோரா குரல் கொடுத்தாள்.

உண்மைதான். யாருடைய குரலையும் முகத்தையும் எந்திரம் உருவாக்கிவிடலாம் என்றான பிறகு, கோர்ட் பேச்சை நம்புவதில்லை. உடலை மட்டுமே நம்பியது. புகார் சொன்னவளின் மணிக்கட்டில் நடுக்கப்பட்டையைக் கட்டி, எதிராளியைப் பேசச் சொல்வார்கள். அவள் உடல் தன் வழக்கமான நிலையிலிருந்து கலங்கினால் பட்டை சிவக்கும், எதிராளி அவளை நெருங்கக் கூடாது என்ற காப்பாணை கிடைக்கும். இல்லையென்றால் பச்சை.

முதல் சோதனையில் கணவன் பேசியபோது குமுதவல்லியின் பட்டை பச்சையாகவே இருந்தது. பயம்தான் அவளுடைய வழக்கமான நிலை. அதற்கு மேல் கலங்க உடலில் இடமில்லை. இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் அனுமதி. அதிலும் பச்சை என்றால் கனிமலர் அப்பாவோடு போக வேண்டும்.

அதனால் முதலில் அவள் உடல் பயமில்லாமல் இருக்கப் பழக வேண்டும். ஃப்ளோரா மருந்தும் கஞ்சியும் கொடுத்தாள். தமயந்தி கனிமலரைப் பக்கத்துப் படகுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். கதவுச் சாவியைக் குமுதவல்லியிடமே கொடுத்துவிட்டார்கள். நாட்கள் மெல்ல மிதந்து போயின. சோதனைக்கு முந்தைய மத்தியானம், தன்னை அறியாமல் அவள் சாய்ந்தாள். கட்டிலுக்கு அடியில் கடல் மூச்சு விட்டது. மூழ்கிய தெருக்களில் மீன்கள் வீடு வீடாகப் போய்வருவதாகக் கனவு வந்தது. எந்த வீட்டிலும் யாரும் சத்தம் போடவில்லை.

விழித்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, நீ விட்ட கொறட்டையில படகே ஆடிப்போச்சு!” என்றாள் கனிமலர்.

குமுதவல்லியும் சிரித்தாள். அப்போது சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. துள்ளி எழுந்தாள். பழக்கத்துக்காகக் கட்டியிருந்த பட்டை சிவந்தது.

“செவந்துடுச்சு!” ஃப்ளோரா கைதட்டினாள்.

குமுதவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், படபடன்னு அடிச்சுக்குது. இது அடிக்காம இருக்கத்தான் இத்தன வருஷமாப் பழகி வச்சிருந்தேன். அதையும் எடுத்துட்டீங்களா?”

ஃப்ளோராவின் கைகள் பாதியில் நின்றன. தமயந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆமாக்கா, எடுத்துட்டோம். நாளைக்கு அவரு பேசுறப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கும்.”

“பக்கத்துல இருப்பீங்களா?”

“நாங்க ரெண்டு பேருமே இருப்போம்.”

மறுநாள் காலை கோர்ட்டில் கணவன் அன்பாகத்தான் கேட்டான், “சாப்பிட்டியா குமுதா?” என்று. பட்டை சிவந்தது. காப்பாணை வந்தது. கனிமலர் பள்ளிக்கூடம் போனாள்.