முதல் வரியில் பத்து மண்டாசி

வாசலுக்கு எதிரே ஏரி இருந்தும் எங்கள் ஊர் கடேராவில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. படகில் போவார்கள், வலை இழுப்பார்கள், முழங்கால் ஆழத்தில் நின்று துணி துவைப்பார்கள். தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டால் அலறுவார்கள்.

ஆறாம் வகுப்பு அபோண்டியும் போன மாதம் வரை அப்படித்தான் இருந்தாள். பிறகு அவூர் டீச்சர் பள்ளியில் ஒரு நீச்சல் மன்றம் தொடங்கினார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். போன சனிக்கிழமை அபோண்டி முதல் தடவையாக மல்லாந்து மிதந்தாள். டீச்சர் பத்து வரை எண்ணினார். காது தண்ணீருக்குள் போனதும் உலகம் முழுக்க அமைதியாகிவிட்டது. வானம் இன்னோர் ஏரி போலவும், அங்கே யாரோ ஒரு பெண் மிதந்துகொண்டு தன்னைப் பார்ப்பது போலவும் அவளுக்குத் தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் மன்றத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஏரியின் அந்தப் பக்கத்தில் ஒரு படகு கவிழ்ந்திருந்தது. எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். ஆனாலும் மூன்று பெற்றோர் அவரைத் தேடி வந்து, இனி எங்கள் பிள்ளையை ஏரியில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். இரண்டு வாரத்தில் வராவிட்டால் மன்றத்தை மூட வேண்டியதுதான். ஒரு ஜாக்கெட் ஆயிரத்து அறுநூறு ஷில்லிங். பள்ளியிடம் சுண்ணாம்புக்கட்டி வாங்கவே காசு இல்லை. அதனால் மஞ்சள் நிறத்தில் ஒரு நன்கொடைக் கார்டை எடுத்து, பள்ளி முத்திரையைக் குத்தி, மன்றத்தின் செயலாளரான அபோண்டியிடம் கொடுத்தார்.

"கடைக்காரங்கள போய்ப் பாருங்க. ஒரே கார்டுதான். தொலைச்சிடாத."

மன்றத்தின் பொருளாளர் ஊகோ. எதையும் தெரிந்தவன் போலப் பேசுவான். பாதி நேரம் உண்மையிலேயே தெரிந்திருக்கும்.

"முதல் வரிதான் முக்கியம், அபோண்டி," என்றான். "அங்க பெரிய ஆளு எழுதணும். நேரா ஒடெரா மாமா கடைக்குப் போ. வழியில யார்கிட்டயும் நிக்காத."

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் நன்கொடைக் கார்டு நீட்டப்பட்டால் யாரும் முதலில் தன் பையைப் பார்ப்பதில்லை. மேலே எழுதியவர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். அவர் ஆயிரம் என்றால் இவரும் ஆயிரம். அவர் நூறு என்றால் இவரும் நூறு. கடைசியில் எல்லா வரியும் மைக்கில் வாசிக்கப்படும் என்பதால், மேலே இருப்பவரை விடக் குறைந்துவிட யாருக்கும் மனம் வராது. கூட்டிப் போடவும் மனம் வராது.

அபோண்டி நிற்காமல்தான் போனாள். ஆனால் பள்ளி வாசலிலேயே நியார் அலெகோ உட்கார்ந்திருந்தார். நியார் என்றால் மகள்; அலெகோ ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் அந்தப் பெயர்தான். காலையில் எண்ணெய்ச் சட்டியில் மண்டாசி என்ற இனிப்புப் பன் அறுபது பொரித்து எடுப்பார். ஒன்று ஐந்து ஷில்லிங். அறுபதும் விற்றால் வீட்டுக்குப் போவார்.

"அது என்ன கண்ணு, மஞ்சளா கையில?"

அபோண்டி சொன்னாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேப்பீங்க. என்கிட்ட மட்டும் கேக்க மாட்டீங்க, இல்ல?"

"அப்படி இல்லக்கா..."

"குடு இங்க. பதினோரு வருஷமா இந்த ஏரிய பாத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னும் முழங்காலுக்கு மேல இறங்கினதில்ல. நீங்களாவது நீந்துங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, முதல் வரியில் தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு 50 என்று போட்டார். இடுப்பு முடிச்சிலிருந்து எண்ணெய் மணக்கும் நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் வரி வேறு ஒருவருக்கு என்று அபோண்டிக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊகோ சொன்னபடியே நடந்தது. ஒடெரா மாமாவின் கடையில் சிமெண்ட் மூட்டை கூரை வரை அடுக்கியிருந்தது. ஒவ்வொரு ஜாக்கெட்டின் முதுகிலும் அதற்குக் காசு தந்த கடையின் பெயர் எழுதுவோம் என்று அபோண்டி மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கார்டின் முதல் வரியைப் பார்த்தார். 50 என்று எழுதினார். ஆறு படகு வைத்திருக்கும் ஒகாடா, ஒடெரா மாமாவின் வரியைப் பார்த்து 50 எழுதினார். விடுதி முதலாளியும் 50. சாயங்காலத்துக்குள் இருநூறு ஷில்லிங் சேர்ந்திருந்தது. அதில் ஒரு ஜாக்கெட்டின் கைத்துளை கூட வாங்க முடியாது.

ஊகோ கார்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நிக்காம போன்னு சொன்னேனே."

"அவங்களா கேட்டாங்க."

"சரி விடு. பேனாவ குடு. மேல இருக்கற அம்பதுக்குப் பின்னால ஒரு சைபர் போட்டுடலாம். ஐநூறு ஆயிடும். நாளைக்குப் போற கடையெல்லாம் ஐநூறு எழுதுவாங்க."

அபோண்டி பேனாவைக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தாள். இன்னும் பதிமூன்று நாள்தான் இருந்தது. ஒரே ஒரு சின்ன வட்டம். மன்றம் பிழைத்துவிடும்.

"மைக்குல ஐநூறுன்னு படிச்சா அவங்க எங்க போவாங்க, ஊகோ? அவங்க குடுத்தது பத்து மண்டாசி. நூறு மண்டாசி குடுத்தாங்கன்னா சொல்றது? அவங்க சுடுறதே அறுபதுதான்."

சொல்லி முடித்ததும் அவளே கொஞ்சம் நின்றுவிட்டாள். பத்து மண்டாசி. அறுபதில் பத்து. அந்த ஐம்பது கார்டில் மற்ற ஐம்பதுகளைப் போலவே சின்னதாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அது சின்னதில்லை. பென்சிலை எடுத்து நியார் அலெகோவின் வரிக்கு அருகே, 'பத்து மண்டாசி' என்று எழுதினாள். இப்போது சரியாக இருந்தது.

ஒருவருக்கு எழுதிவிட்டு மற்றவர்களை விட்டால் நன்றாக இருக்காது. மறுநாள் பள்ளி விட்டதும் அவள் ஒடெரா மாமாவின் கடைக்குப் போய், ஐம்பது ஷில்லிங்குக்கு எவ்வளவு ஆணி வரும் என்று கேட்டாள்.

"என்ன, வீடு கட்டப் போறியா?"

"இல்ல மாமா. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"கால் கிலோ வரும்."

அவள் குனிந்து எழுதினாள். ஒடெரா மாமா கல்லாவுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 'ஒடெரா அண்டு சன்ஸ் ஹார்டுவேர், கால் கிலோ ஆணி' என்று இருந்தது. அதற்கு மேல் வரியில், 'நியார் அலெகோ, பத்து மண்டாசி.'

தகரம் வாங்க வந்த ஒருவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஏன் ஒடெரா, அந்த ஆணியாவது நேரா இருக்குமா, வளைஞ்சதா?"

அபோண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒடெரா மாமாவைக் கேலி செய்ய வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"கால் கிலோவும் நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள் அவசரமாக. "ஒரு கதவுக்குப் போதும்."

"இத மைக்குல படிப்பாங்களா?"

"படிப்பாங்க மாமா. வெள்ளிக்கிழம, பெற்றோர் கூட்டத்துல. வேணாம்னா அழிச்சிடறேன். பென்சில்தான்."

ஒடெரா மாமா கல்லாவிலிருந்து எழுந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். சிமெண்டைப் பார்த்தார், பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தார். கூரையில் தலைகீழாகத் தொங்கிய தள்ளுவண்டிகளில் அவர் பார்வை நின்றது. கையை நீட்டிக் கார்டை வாங்கி, கீழே ஒரு புது வரியில் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு தள்ளுவண்டி," என்றார். "நாலாயிரத்து எண்ணூறு. மூணு ஜாக்கெட் வருமா?"

"சரியா வரும் மாமா."

"பச்சைன்னு போடு. புது மாடல். டயரோட."

கார்டு எங்கள் ஊரில் மெதுவாகத்தான் போகும். பேச்சு மோட்டார் சைக்கிளில் போகும். அபோண்டி படகுத்துறைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒகாடாவுக்குச் செய்தி வந்துவிட்டது. அவருடைய ஐம்பதுக்கு அரை மீன்தான் வரும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். அது தலைப் பக்கமா, வால் பக்கமா என்று வலை தைக்கும் ஆட்கள் விடாமல் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா வா, செயலாளரம்மா," என்றார் ஒகாடா. "அந்த மஞ்சள கொண்டா. வலைக்காரனுங்க வாய மொதல்ல மூடணும்."

அவர் எழுதியது 'ஒரு படகு, ஒரு காலை மீன்.' விடுதி முதலாளியின் ஐம்பது ஒரு டீயும் ஒரு சப்பாத்தியுமாக மாறியிருந்தது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, மூன்று அறை வாடகையை எழுதி, காலைச் சாப்பாட்டோடு என்று சேர்த்தார். தையற்காரர் இரண்டு பாவாடை எழுதினார். முடி திருத்துபவர் நாற்பது தலை என்று எழுதினார். அதை வாசித்தபோது ஊகோவுக்கு இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் கார்டை மைக்கில் வாசித்தார். தள்ளுவண்டி, மீன், பாவாடை என்று வரிக்கு வரி ஜனங்கள் கைதட்டினார்கள். நன்கொடை வாசிக்கும்போது எல்லாரும் முழிப்போடு இருந்ததைத் தான் பார்த்ததே இல்லை என்று பிறகு அவர் அவூர் டீச்சரிடம் சொன்னார்.

ஆனால் அடுத்த வாரம் கிசுமு நகரத்திலிருந்து ஜாக்கெட்டுகள் வந்து இறங்கியபோது பதினொன்றுதான் இருந்தன. பன்னிரண்டாவதற்குக் காசு போதவில்லை.

தலைமை ஆசிரியர் அவற்றை மேசை மேல் இரண்டு தடவை எண்ணினார்.

"பன்னெண்டு பேர் இருக்கீங்க. நான் சொன்னது சொன்னதுதான்."

ஊகோ தரையைப் பார்த்தான். அவூர் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அபோண்டி பேசினாள்.

"சார், நீங்க சொன்னது தண்ணில இறங்கற பிள்ளைக்கு ஒண்ணு. பன்னெண்டு பேரும் ஒண்ணா இறங்கினா எத்தன பேரு உள்ள இருக்காங்கன்னு யாரு எண்றது? டீச்சரும் தண்ணிலதான் இருப்பாங்க. ஒருத்தர் கரையில நிக்கணும் சார். தல எண்ணிட்டே இருக்கணும்."

தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். ஏரிக்கரையில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் நீந்தத் தெரியாது.

"எண்றவங்க வேற எதுவும் செய்யக் கூடாது," என்றார். "பேசக் கூடாது. கல்லு பொறுக்கக் கூடாது."

"செய்ய மாட்டாங்க சார்."

"அப்ப சரி."

சனிக்கிழமை காலை ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. முதலில் யார் கரையில் நிற்பது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரமாகக் காத்திருந்த தண்ணீர் அது. அபோண்டி, நானே நிற்கிறேன் என்றாள்.

ஆரஞ்சு நிறப் பதினோரு முதுகுகள் தண்ணீரில் இறங்கின. அவள் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். ஒன்று முதல் பதினொன்று வரை. மறுபடி ஒன்று. ஒரு தலையும் பதினோரு நொடிக்கு மேல் அவள் கண்ணை விட்டு மறையவில்லை. அந்த வேலை நினைத்ததை விடக் கஷ்டமாக இருந்தது. நினைத்ததை விட நன்றாகவும் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து ஊகோ சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"போ. நான் எண்றேன். பயப்படாத, கணக்குல நான் புலி."

"பேசாத, எண்ணு."

ஜாக்கெட் ஈரமாக, கனமாக இருந்தது. அபோண்டி பட்டையை இறுக்கிக்கொண்டு, இடுப்பு ஆழம் வரை நடந்து, கைகளை விரித்து மெல்லப் பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் அவளைத் தாங்கியது. வானம் அகலமாக இருந்தது.

காது உள்ளே போவதற்குச் சற்று முன் கரையிலிருந்து ஊகோவின் குரல் கேட்டது. மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்தான். எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்று அவள்தான்.