நூற்றிருபது லாரிகளுக்கு ஓர் இடம்

கூட்ட அறையில் டீசல் வாடை அடித்தது. மூன்றாவது மாடி, மூடிய ஜன்னல், ஏசி வேறு. சாப்பாட்டு நேரம் என்று எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். திட்ட அதிகாரியான அவளும் தலைவரும்தான் மிச்சம். தலைவருக்கு ஆபீசில் 'சிவப்பு மை' என்று பெயர். குறுக்கே கோடு போடாமல் எந்தத் திட்டத்தையும் அவர் விட்டதில்லை.

இன்றைய கோடு அவளுடைய மூன்று வருட உழைப்பின் மேல். நெடுஞ்சாலை ஓரமாக நூற்றிருபது லாரிகள் நிற்க, ஓட்டுநர்கள் குளித்து, படுத்து எழ ஓர் இடம்.

"தேவையில்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுடும்மா. அங்க குடோன் வந்தா நாலு காசு பார்க்கலாம்."

"லாரிக்காரங்க எங்க சார் நிப்பாங்க?"

"இத்தனை நாள் எங்க நின்னாங்க? ரோட்டோரம்தானே?"

ரோட்டோரம்தான். அவளுடைய அண்ணனும் இரண்டு மணி நேரம் இடம் தேடி அலுத்து, அங்கேதான் நிறுத்தினான். தூங்கிக்கொண்டிருந்தவன் மேல் பின்னால் வந்த டேங்கர் ஏறிவிட்டது.

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. சுவரில் இருந்த திரையைக் காட்டினாள். காலையில் அவளே எடுத்த படம், ஓரமாக வரிசையாய் லாரிகள். எடுத்தபோது எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. இப்போது முதல் லாரியின் கதவு திறந்து கிடந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இரண்டாவதும் திறந்திருந்தது. ஐந்தாவதும். கடைசிவரை எல்லாமும். ஒரு சீட்டிலும் ஆளில்லை.

கீழே எங்கோ ஒரு லாரியின் ஏர் பிரேக் புஸ்ஸென்று காற்றை விட, பின்னாலேயே இன்னொன்று விட, படிக்கட்டில் ரப்பர் செருப்புகள் தேய்ந்து தேய்ந்து ஏறத் தொடங்கின. பல நாள் தூங்காதவர்களின் நடையில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு மாடியாக ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றன.

"யாரும்மா அது? ஆள் திரட்டிட்டு வந்திருக்கியா?" தலைவர் எழுந்துவிட்டார். "கதவைப் பூட்டு. பூட்டும்மா!"

சாவி கதவிலேயே இருந்தது. அவளுக்குப் பயம்தான். அதைவிடக் கோபம்.

"மாட்டேன் சார்."

கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. எல்லாரும் வாங்க."

வந்தார்கள். ரோட்டோரம் தூங்கிச் செத்தவர்கள். நெஞ்சு நசுங்கியவர்கள். முகமெல்லாம் கண்ணாடிச் சில்லு. முதல் ஆள் மேசைமேல் ஏறிப் படுத்தார். அடுத்தவர் நாற்காலிகளுக்கு நடுவே. அடுத்தவர் அவர்மேல். தரை நிறைந்தது.

தலைவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவர் தோளில் ஒரு தலை சாய்ந்தது. மடியில் ஒன்று. நெஞ்சில் ஒன்று. "கூப்பிடும்மா... யாரையாவது..."

அவள் கதவை விடவில்லை.

கடைசியாக அண்ணன் வந்தான். சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. படுக்க இடம் தேடி அறையை ஒரு சுற்று பார்த்தான். மூடாமல் மிச்சம் இருந்தது தலைவரின் முகம் மட்டும்தான்.

அதன்மேல் தலையை வைத்து, அண்ணன் கண்ணை மூடினான்.