காற்றுத்தாள்

மான்சிக் சந்தையிலிருந்து வீடு திரும்பியபோது வெயில் இன்னும் கூரையில்தான் இருந்தது. கூடவே வந்த பக்கத்து வீட்டுத் தோக்பால், புதிதாகத் தாள் ஒட்டிய கதவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, ஊர்ல எல்லாக் கதவுக்கும் தாடி இருக்கு. உன் கதவை மட்டும் மழிச்சு விட்டுட்டியா?"

"காத்து வந்தா வரட்டும், போடா."

"வரத்தான் போகுது. சாயங்காலம் வடக்கேருந்து குளிர் இறங்குதாம், ரேடியோல சொன்னான். கோசு மேல வைக்கோல் போட்டு மூடிடு."

சொன்ன பிறகுதான் தோக்பாலுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அந்த மலையூரில் கதவென்றால் மரச்சட்டத்தில் ஒட்டிய தாள்தான். இலையுதிர் காலம் வந்தால் கதவின் பழைய தாளைக் கிழித்துப் புதிது ஒட்டுவார்கள். ஓரத்தில் நாலு விரல் அகலம் தொங்க விடுவார்கள்; அதுதான் காற்றுத்தாள். இடுக்கில் நுழையும் காற்றை அது தடுக்கும். காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய ஊர்.

போன வருஷம் இதே குளிர் வந்த அன்று மான்சிக்கின் மனைவி ஒக்பூன் காய்ச்சலில் கிடந்தாள். கோசுப் பாத்தியை மூடிவிட்டு வரும்படி எட்டு வயது மகள் தல்லேயை அனுப்பினாள். முதலில் மழை, பின்னாலேயே காற்று. கதவு அடித்துக்கொள்ளவே, எழுந்து கொக்கியை மாட்டிவிட்டுப் படுத்தாள். கதவில் படபடவென்று சத்தம். காற்றுத்தாள்தானே என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கேட்டது. பிறகு நின்றது. காற்று அடங்கிவிட்டது என்று நினைத்தாள், பாவி.

மான்சிக் வந்து பார்த்தபோது குழந்தை வாசற்படியில் நனைந்து, விறைத்துச் சுருண்டு கிடந்தாள்.

அன்றிலிருந்து அவன் மனைவியைத் 'தல்லே அம்மா' என்று கூப்பிடுவதில்லை. வெறும் 'இந்தா'தான். ஒக்பூனோ, வெளியே போனவர்களுக்கு எடுத்துவைப்பது போல, அடுப்புச் சூடு அடிவழியே பரவும் தரையில் போர்வைக்கடியில் ஒரு கிண்ணம் சோறு தினமும் வைத்தாள்.

இன்றும் பொழுது சாயும் முன்பே வானம் கறுத்தது. மழை கொட்டி ஓய்ந்தது. ஈர வைக்கோல் வாசத்தோடு காற்று வந்து வீட்டின் மேல் விழுந்தது.

பட. பட. பட.

"இந்தா," என்றான் மான்சிக் மெல்ல. "நான் காத்துத்தாள் விடலையே."

"தெரியும்."

சத்தம் கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. ஒரு குழந்தையின் கை எட்டும் உயரம்.

"திறக்காத. சொன்னாக் கேளு."

"போன தடவ திறக்கலங்க," என்று கொக்கியை எடுத்தாள்.

விளக்கு அணைந்தது. வெளியே யாரும் இல்லை. வைக்கோல் மட்டும் சுழன்றது. மான்சிக் தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினான்.

போர்வையின் ஓரம் தானாக எழும்பிப் படிந்தது.

ஒக்பூன் உள்ளே கையை விட்டாள். சற்று முன் வைத்த சோறு சில்லிட்டுப் போயிருந்தது. அடியில் தரையும் அப்படியே. ஒரு குழந்தை படுக்கும் நீளத்துக்கு மட்டும்.

மான்சிக் வீட்டில் இருந்த விறகையெல்லாம் அடுப்பில் திணித்தான். மற்ற இடமெல்லாம் கால் வைக்க முடியாமல் கொதித்தது, பாய் கருகியது. அந்த இடம் மட்டும் சூடாகவில்லை. ஒக்பூன் அதை அணைத்தபடி படுத்துக்கொண்டாள். பற்கள் கிட்டித்தன.

"கொஞ்சம் பொறுடி கண்ணு. இப்ப சூடாயிடும்."

"தல்லே அம்மா," என்றான் மான்சிக், ஒரு வருஷத்துக்குப் பிறகு. "எந்திரி. நீ விறைச்சுப் போற."

"உள்ள விட்டா போதும்னு நினைச்சேங்க," என்று அழுதாள். "குளிர் போகவே மாட்டேங்குதே."

அவனும் மறுபக்கம் வந்து படுத்தான். வேறென்ன செய்ய முடியும்?

கோடை வந்தது. ஊரே கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு விசிறியோடு வாசலில் கிடந்தது. இலை அசையவில்லை. உள்ளே, அந்த இடத்தின் மேல் போட்ட போர்வை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.