ஒரே கம்பெனி செட்

எவர்சில்வர் டம்ளரை பிரபாவதி சத்தமில்லாமல்தான் வைத்தாள். சமையல் மேடையில் பழைய துண்டை நான்காக மடித்து விரித்திருந்தாள். முதலில் சுண்டுவிரலைக் கீழே கொடுத்து, டம்ளரின் அடியை அதன்மேல் இறக்கி, பிறகு விரலை மெல்ல உருவிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பழகிய கை. டம்ளர் துண்டின்மேல் உட்கார்ந்த அதே நொடியில் 'ணங்' என்று கேட்டது. சமையலறையில் இல்லை. கதவு சாத்தியிருந்த ஹாலுக்குள், இடது ஸ்பீக்கர் நிற்கும் மூலையில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவள் புருஷன் அன்புச்செல்வன் புரண்டு படுத்தான், எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி. நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களின் குவார்ட்டர்ஸ் எல்லாமே அப்படித்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, குக்கருக்கு வெயிட் போடாமல் சோறு வடித்து, பிள்ளைகளைக் கண்ஜாடையிலேயே மேய்ப்பார்கள். ராத்திரி முழுக்க மைன்ஸில் புழுதி தின்றுவிட்டு வந்தவன் தூங்குகிறான், அவன் தூக்கத்தைக் கெடுத்தால் பாவம் என்று பெண்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. மற்ற வீடுகளில் ஷிப்ட் மாறும், மிக்ஸி ஓடும், பிள்ளைகள் ஆட்டம் போடும். அன்புச்செல்வனோ அடுத்தவர்களின் நைட் ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொள்வான். அவனுக்குப் பாம்புக் காது. மண்ணை வாரும் அந்த ராட்சத இயந்திரத்தின்மேல் உட்கார்ந்து விடிய விடிய இரைச்சலில் ஊறிவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் பல்லி கத்தினாலும் ஆகாது. சத்தம் என்று ஒன்று இருந்தால் அது அவனுடைய பாட்டுச் செட்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஹாலை அதற்கென்றே ஒதுக்கியிருந்தான். டிவி கிடையாது, சோபா கிடையாது. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒற்றை நாற்காலி, நடுவில் வெறும் தரை. ஸ்பீக்கர் ஒரு கம்பெனி, ஆம்ப்ளிஃபயர் வேறொரு கம்பெனி, சிடி பிளேயர் இன்னொன்று. எவன் எதில் கெட்டிக்காரனோ அதை அவனிடம் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அப்படிக் கலந்து வாங்கியிருந்தான். சாயங்காலம் எழுந்து குளித்து, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தானானால் ஷிப்ட் பஸ் வரும்வரை அசையமாட்டான். ஆம்ப்ளிஃபயர் பெட்டி எப்போதும் சூட்டிலேயே இருந்தால்தான் பாட்டு நன்றாக இருக்குமாம், அதனால் அதை அணைப்பதே இல்லை. அவன் தூங்கும்போதும் அதன் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருக்கும்.

பாப்பாவுக்கு ஏழு மாதம். போன மாதம் ஒரு மத்தியானம் அது காதுவலியில் வீறிட்டது. அன்புச்செல்வன் எழுந்து வந்தான். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துப்போய்ப் பின்வாசல் சிமென்டுத் தரையில், உச்சி வெயிலில், மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கதவைத் தாழிட்டு, தாழ்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அழுது முடித்துவிட்டு வரட்டும் என்றான். பிரபாவதி அவன் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள், அதையும் சத்தம் வராமல் கெஞ்சினாள். கதவு திறந்தபோது குழந்தையின் முதுகு கொப்பளித்திருந்தது. "அடுத்த தபா திறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவன் உடனே குறட்டை விட்டான், பாவி.

கம்மாபுரத்தில் இருந்த அம்மாவிடம் போனில் சொன்னாள். மாப்பிள்ளை பர்மனென்ட் வேலைக்காரர், குடிக்கிறாரா, அடிக்கிறாரா, அனுசரித்துக்கொண்டு போ என்றாள் அம்மா. அதோடு பிரபாவதிக்கு உலகத்தில் ஒரே வேலைதான் மிஞ்சியது. பாப்பாவின் அழுகை அவன் காதில் விழக்கூடாது. வாயைத் திறக்கும் முன் மார்போடு அணைத்து அமுக்கிவிடுவாள்.

டம்ளர் சத்தத்தை மறக்கப் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் ஹாலில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஓர் இருமல் வந்தது. மத்தியானம் முந்தானையை வாயில் அடைத்து அவள் விழுங்கிய இருமல். தன் இருமல் தனக்குத் தெரியாதா? இன்னொரு நாள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் குந்தி அவள் அழுத அழுகை, ஒரு விசும்பல் இடது பக்கமும் மறு விசும்பல் வலது பக்கமுமாகச் சிதறிப் புல்லாங்குழலோடு கலந்து வந்தது. கதவிடுக்கில் சூடான பெட்டியின் கருகல் வாசனை கசிந்தது, கூடவே புளித்த பாலின் வாசனையும். தூரத்தில் மைன்ஸின் கன்வேயர் பெல்ட் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது. அவள் விழுங்கியதையெல்லாம் அந்த ஹால் வாங்கி வைத்துக்கொண்டு அவனிடம் கக்கியது.

அன்புச்செல்வனுக்கும் கேட்டது. ஆனால் அவனுக்கு அது இரைச்சல், அவ்வளவுதான். எர்த் சரியில்லை என்றான், ஒயரை மாற்றினான், பெட்டிகளை நகர்த்தி வைத்தான். ஒரு நாள் பாட்டின் குறுக்கே குழந்தை அழுதது. அவன் கதவைத் திறந்துகொண்டு நேரே படுக்கையறைக்கு வந்தான். பாப்பா பிரபாவதியின் மடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதன் வாயருகே காதை வைத்து வெகுநேரம் கேட்டான்.

"இது இல்ல, செட்டுதான்" என்று நிமிர்ந்தான். "கலந்து வாங்குனது தப்பு. இத்தினி நாளு இந்தத் தொல்ல இல்ல, இது பொறந்த பின்னாடிதான். சத்தம் நிக்கலைன்னா ஒண்ணு வெளிய போவணும். செட்டு போவாது."

பாண்டிச்சேரியிலிருந்து செட் விற்கும் அருள் என்ற கடைக்காரர் வந்தார். நல்ல மனிதர், பேச்சு நிற்காது. சமையலறைக் கதவின் பின்னால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரபாவதி ஒரு சொல் விடாமல் கேட்டாள். கலந்து வைத்தால் ஒவ்வொரு பெட்டியும் அதனதன் வகையில் முதல்தரம், கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பாட்டிலும் ஓர் உயிர் இருக்கும் என்றார் அருள். தன் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறாராம். ஒரே கம்பெனி என்றால் எல்லாம் ஒருவன் கையில் பிறந்தவை, ஒன்றின் மனசு ஒன்றுக்குத் தெரியும், இரைச்சல் நுழைய இடுக்கே இருக்காது. அன்புச்செல்வன் இப்படியும் அப்படியும் ஊசலாடினான். கலந்தே இருக்கட்டும் என்கிற பக்கம்தான் சாய்ந்தான்.

அன்னிய மனிதர் முன்னால் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. கதவைத் தாண்டி வந்தாள்.

"எதுல சத்தம் இருக்காதுங்க?"

"பாட்டு சத்தமாக்கா?" என்றார் அருள்.

"பாட்டுக்குப் பின்னாடி வர்ற சத்தங்க."

"ஒரே கம்பெனின்னா இருக்காதுக்கா. பாட்டு நின்னா அப்புறம் ஒண்ணுமே கெடையாது. கும்மிருட்டு மாதிரி."

"ஏங்க, அதையே வாங்குங்க" என்றாள் புருஷனிடம்.

அன்புச்செல்வன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பரவாயில்லையே, மண்டையில் கொஞ்சம் இருக்கிறதே என்று அருளிடம் சொல்லிச் சிரித்தான். கல்யாணமாகி அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அன்று ராத்திரி அவன் ஷிப்டுக்குப் போன பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள், பைத்தியக்காரி.

புதுச் செட் வந்தது. பளபளப்பே இல்லாத கறுப்புப் பெட்டிகள், ஒரே அச்சில் வார்த்தவை. மாட்டி முடித்ததும் வீடே மாறிவிட்டது. டம்ளர் சத்தம் இல்லை, இருமல் இல்லை. கன்வேயரின் உறுமல்கூட அடங்கிப்போன மாதிரி இருந்தது. ஒரு நாள் இட்லிப்பானை மூடி கைதவறி விழுந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது மூடி தரையில் வட்டமாகச் சுற்றி, சாய்ந்து, படுத்தது. துளி சத்தமில்லை. படுக்கையறையில் குறட்டை தொடர்ந்தது. கொளஞ்சியப்பருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

பாப்பாவும் அழுவதை விட்டுவிட்டது. நாள் முழுக்கத் தொட்டிலில் சும்மா கிடந்தது. புண்ணியவதி, புரிந்துகொண்டாள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் தொட்டில் சேலையை விலக்கினால், குழந்தையின் இரண்டு கன்னத்திலும் காய்ந்த கண்ணீர்க் கோடு. கழுத்து மடிப்பில் ஈரம். தலைமாட்டுத் துணி நனைந்திருந்தது. பக்கத்து அறையில்தானே இருந்தாள். எப்போது அழுதது?

வெயில் முகத்தில் படட்டும் என்று பின்வாசலுக்கு வந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நிலக்கரித் தூசி படிந்த வேட்டியை உதறியபடியே, உன் வீட்டில் குழந்தை இருக்கிற அரவமே இல்லையே, என்ன மருந்து கொடுக்கிறாய் என்று விளையாட்டாகக் கேட்டார். பிரபாவதி பதில் சொன்னாள். அவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டார். மறுபடியும் சொன்னாள்.

"என்னாம்மா, வாய மட்டும் அசைக்கிற?"

தொண்டைக்கட்டுக்கு மிளகுப்பால் குடி என்று சொல்லிவிட்டு அவர் துணியோடு உள்ளே போய்விட்டார்.

பிரபாவதி கையைத் தட்டினாள். உள்ளங்கை எரிந்தது. சத்தம் இல்லை. உள்ளே ஓடிக் கரண்டியால் குண்டானை அடித்தாள். கரண்டி வளைந்தது. சத்தம் இல்லை. "அம்மா" என்று கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. இல்லை.

ஹால் கதவு சாத்தியிருந்தது. அன்புச்செல்வன் எப்போதோ எழுந்துவிட்டிருந்தான்.

கதவுக்குப் பின்னால் குண்டானின் சத்தம் அதிர்ந்தது. பிறகு அவள் குரல். "அம்மா."

பிறகு பாப்பா அழுதது.

தொட்டிலுக்கு ஓடினாள். பாப்பா தொட்டிலில்தான் இருந்தது. முகம் ரத்தமாய்ச் சிவந்து, வாய் அகலத் திறந்து, உள்நாக்கு துடித்தது. அறையில் ஒரு சத்தம் இல்லை.

வாரித் தோளில் போட்டாள். சின்னக் கால்கள் வயிற்றில் உதைத்தன. உதை இங்கே இருந்தது. உடம்புச் சூடு இங்கே இருந்தது. அழுகை கதவுக்கு அந்தப் பக்கம்.

கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். சிடி எதுவும் ஓடவில்லை. சிவப்புப் பொட்டு எரிந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் தரைக்கு மேலே, அழுகை அந்தரத்தில் தொங்கியது. இடமும் இல்லை. வலமும் இல்லை. மூக்கை உறிஞ்சுவது, எச்சில் விழுங்குவது, மூச்சு முட்டுவது, எல்லாம் தனித்தனியாக. அவ்வளவு சுத்தமாக.

"ஏங்க, புள்ளைய விட்ருங்க."

உதடு அவளுடையது. சொன்னது செட். அழுகைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில்.

அவன் கண்ணைத் திறந்தான். அந்த வெற்றிடத்தைப் பார்த்தான். அவள் உதட்டைப் பார்த்தான். பாப்பாவின் திறந்த வாயைப் பார்த்தான். நிதானமாக, மாற்றி மாற்றிப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

சிரித்தான்.

மடியிலிருந்த ரிமோட்டை எடுத்தான். ஓர் அழுத்து. அழுகை குறைந்தது. வயிற்றில் உதை குறைந்தது.

அவள் பாய்ந்தாள். இன்னோர் அழுத்து. முழங்கால் மடிந்தது. நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் விழுந்தாள். நடுவெளியில் அவள் கதறல் கொசு ரீங்காரமாய் மெலிந்தது. அதன் அடியில் பாப்பாவின் மூச்சு. விட்டு விட்டு.

"இப்பதான் நல்லா இருக்குது" என்றான்.

அவன் கட்டைவிரல் பொத்தானைவிட்டு எழவில்லை. மூச்சு ஒரு நூலாயிற்று. பிறகு நூலும் இல்லை.

தோளில் பாப்பா கனத்தது. சூடு இன்னும் போகவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. அன்புச்செல்வன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, அந்த நிசப்தத்தைத் தலையாட்டி ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.